தேதி தவறிய சிறகுகள்

அவிநாசிபாளையம் சந்திப்பில் மாலை நேரத்தில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். அவிநாசியிலிருந்து திருப்பூர் வழியாக வரும் சாலை இங்கேதான் கோவை–திருச்சி நெடுஞ்சாலையைத் தொடுகிறது. துணிச் சுருள்களை ஏற்றிக்கொண்டு சாயப்பட்டறைக்குப் போகும் வண்டி, வெட்டிய துணியை மூட்டை கட்டிக்கொண்டு தையலுக்குப் போகும் வண்டி, அட்டைப் பெட்டிகளோடு தூத்துக்குடித் துறைமுகம் நோக்கிச் செல்லும் லாரி என்று வரிசையாக வரும். ஒவ்வொரு வண்டிக்குப் பின்னாலும் ஒரு தேதி இருக்கிறது. அதுதான் ஷிப்மெண்ட் தேதி.

இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்குத் தேதியின் அருமையை யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. வீட்டில் யாராவது ஒருவர் நிட்டிங்கிலோ, பவர் டேபிளிலோ, செக்கிங்கிலோ இருப்பார். தேதி நெருங்கினால் இரவு ஷிப்டு. தேதி தவறினால் கப்பலில் போக வேண்டிய சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டும்; அந்தக் கூலி கம்பெனியின் தலையில் விழும். அதற்கும் மேலே போனால் பையர் ஆர்டரையே ரத்து செய்துவிடுவார். ஐரோப்பாவுக்கென்று தைத்த பனியன் காதர்பேட்டையில் கிடைத்த விலைக்குப் போகும்.

இப்படிப்பட்ட ஊரில் வளர்ந்த ஒரு மாணவர் நம் நாட்டு விமானத் தொழிலைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டால் அது நியாயமான கேள்விதான். “சரஸ் என்னும் சிறு பயணிகள் விமானத்தின் வேலை 1991இல் தொடங்கியது. இன்றுவரை ஒரு விமானம்கூட ஒரு பயணியை ஏற்றிச் செல்லவில்லை. எங்கள் ஊர்க் கம்பெனி இப்படிச் செய்தால் அடுத்த ஆர்டர் வருமா?”

வராதுதான். ஆயினும், பனியனை அளக்கும் கோலால் விமானத்தை அளப்பது பாதி சரி, பாதி தவறு என்பது என் கருத்து. எந்தப் பாதி சரி, எந்தப் பாதி தவறு என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

சரஸ் பிறந்த கதை

1959இல் தொடங்கப்பட்ட, பெங்களூரில் உள்ள தேசிய விமானவியல் ஆய்வகம் அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழுமத்தைச் சேர்ந்தது. சிறு நகரங்களை இணைக்கப் பதினான்கு பேர் அமரும் விமானம் ஒன்றைச் செய்ய வேண்டும் என்பது அதன் கனவு. கொக்கு இனப் பறவை ஒன்றின் பெயரைச் சூட்டி ‘சரஸ்’ என்றார்கள். இரண்டு எஞ்சின்களும் வாலை ஒட்டிப் பின்புறம் இருக்கும். சுழலிகள் காற்றைப் பின்னுக்குத் தள்ள, விமானம் முன்னுக்குப் போகும்.

தொடக்கத்தில் மியாசிஷ்சேவ் என்ற ரஷ்ய வடிவமைப்பு நிறுவனம் கூட்டாளியாக இருந்தது. சோவியத் ஒன்றியம் கலைந்த பின் ஏற்பட்ட பண நெருக்கடியில் அது விலகிக்கொண்டது. பொக்ரானில் 1998 மே மாதம் அணு வெடிப்புச் சோதனை நடந்ததும் அமெரிக்கா தடைகள் விதித்தது. வெளிநாட்டுப் பாகங்கள் வருவது சிக்கலாயிற்று. இந்திய அரசின் முறையான ஒப்புதல் 1999 செப்டம்பரில்தான் கிடைத்தது. முதல் பறப்புக்கு 2001 மார்ச் என்று நாள் குறித்தார்கள். உண்மையில் அது பறந்தது 2004 மே 29 அன்று. மூன்றாண்டுத் தாமதம்.

பறந்தது என்ற மகிழ்ச்சியோடு ஒரு கவலையும் சேர்ந்து வந்தது. பயணியோ எரிபொருளோ இல்லாத வெற்று விமானத்தின் எடை 4,125 கிலோ இருக்க வேண்டும் என்று வரைந்திருந்தார்கள். முதல் மாதிரியின் எடை 5,118 கிலோ இருந்தது.

இந்த இரண்டு எண்களையும் கழித்துப் பாருங்கள்: 993 கிலோ. அதைப் பதினான்கால் வகுத்தால் ஏறத்தாழ 71 கிலோ வரும். ஒரு பெரிய மனிதரின் எடை அது. ஒரு பயணிகூட ஏறுவதற்கு முன்பே பதினான்கு பயணிகளின் எடையை அந்த விமானம் சுமந்துகொண்டிருந்தது. தாமதத்தின் மூலக் காரணங்களில் ஒன்று இந்தக் கழித்தல் கணக்கில் இருக்கிறது.

எடை என்னும் வட்டி

பனியனில் பத்து கிராம் துணி கூடினால் நஷ்டம் பத்து கிராம் நூலோடு முடிந்துவிடும். விமானத்தில் அப்படி முடியாது. அங்கே எடை வட்டி போலக் குட்டி போடும்.

விமானம் நேராகப் பறக்கும்போது இறக்கைகள் தரும் தூக்குவிசை, விமானத்தின் எடைக்குச் சமமாக இருக்க வேண்டும். எடை கூடினால் தூக்குவிசையும் கூட வேண்டும். தூக்குவிசை வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். எனவே எடை 15 விழுக்காடு கூடினால், தரையை விட்டு எழும்பத் தேவையான வேகம் 1.15இன் வர்க்கமூலம், அதாவது சுமார் 1.07 மடங்கு ஆகிறது. ஏழு விழுக்காடு கூடுதல் வேகம். அந்த வேகத்தை எட்ட நீண்ட ஓடுபாதை வேண்டும்; அல்லது வலிமையான எஞ்சின் வேண்டும்.

வலிமையான எஞ்சின் கூடுதல் எரிபொருள் குடிக்கும். கூடுதல் எரிபொருளும் ஓர் எடை. இவற்றைத் தாங்க உறுதியான சட்டங்களும் சக்கரக் கால்களும் வேண்டும். அவையும் எடை. சரஸின் முதல் மாதிரியில் இருந்தவை 850 குதிரைத்திறன் எஞ்சின்கள். 2007 ஏப்ரல் 18 அன்று பறந்த இரண்டாம் மாதிரியில் 1,200 குதிரைத்திறன் எஞ்சின்களைப் பொருத்தினார்கள். எஞ்சினை மாற்றியதும் சோதனைகளில் பலவற்றை மறுபடி செய்ய வேண்டியதாயிற்று. சிறு நகரங்களின் குட்டையான ஓடுபாதையில் இறங்க வேண்டிய விமானத்துக்கு எடைதான் முதல் எதிரி என்பது இப்போது விளங்கும்.

ஆகவே வடிவமைப்பாளர் தேதி தவறுவது எப்போதும் சோம்பலால் அன்று. வரைபலகையில் எழுதிய எண், தராசில் வேறு எண்ணாக மாறிவிடுகிறது. அப்போது அவர் முன் இரண்டு வழிகள்: தேதியைக் காப்பாற்றுவது, அல்லது விமானத்தைத் திருத்துவது.

ஒரு பட்டன் இல்லாத சட்டை

தாமதம் நம் நாட்டின் தனிச் சொத்து என்று எண்ணிவிடாதீர்கள். உலகின் மிகப் பெரிய விமானக் கம்பெனிகளும் இதே பள்ளத்தில் விழுந்து எழுந்தவைதாம்.

போயிங் கம்பெனி 2004இல் 787 என்ற புதிய விமானத்தை அறிவித்தது. அதன் செய்முறை திருப்பூர்க்காரர்களுக்கு நன்றாகப் புரியும். நம் ஊரில் நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், தையல் ஓரிடம் என்று ஜாப் ஒர்க் பிரித்துக் கொடுப்பதைப் போல, இறக்கை ஜப்பானிலும் உடற்பகுதிகள் இத்தாலி, ஜப்பான், அமெரிக்கா ஆகிய நாடுகளிலும் செய்யப்பட்டன. எல்லாம் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்ததும் மளமளவென்று பூட்டிவிடலாம் என்பது திட்டம்.

2007 ஜூலை 8ஆம் நாள் விழா எடுத்து முதல் விமானத்தை உலகுக்குக் காட்டினார்கள். பார்க்க முழுமையாக இருந்தது. ஆனால் உள்ளே பல கருவிகள் பொருத்தப்படவே இல்லை. பாகங்களை இணைக்கும் பிணைப்பு ஆணிகளுக்குத் தட்டுப்பாடு. ஆகவே பல இடங்களில் தற்காலிக ஆணிகளை முடுக்கியிருந்தார்கள். பட்டன் வராததால் குண்டூசி குத்திப் பெட்டியில் அடுக்கிய சட்டை மாதிரி என்று சொல்லலாம். பின்னர் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்ற வேண்டியிருந்தது. 2009 ஜூனில் இறக்கையும் உடலும் சேரும் இடத்தில் வலிமை போதவில்லை என்று கண்டு, அதைத் திருத்தினார்கள். முதல் பறப்பு 2009 டிசம்பர் 15 அன்று நடந்தது. 2008 மேயில் கைக்கு வரவேண்டிய விமானம் ஜப்பானின் ஆல் நிப்பான் ஏர்வேஸுக்கு 2011 செப்டம்பரில் வந்து சேர்ந்தது. 27 விமானங்கள் கேட்டிருந்த நம் ஏர் இந்தியாவுக்கு முதல் விமானம் 2012 செப்டம்பரில் கிடைத்தது.

ஐரோப்பாவின் ஏர்பஸ் கம்பெனிக்கு நேர்ந்ததும் கேட்கத் தக்கது. ஏ380 என்னும் இரட்டை மாடி விமானத்தில் சுமார் 530 கிலோமீட்டர் நீளத்துக்கு மின்கம்பிகள் ஓடுகின்றன. ஜெர்மனியில் இருந்த பொறியாளர்கள் வரைபட மென்பொருளின் பழைய பதிப்பையும், பிரான்சில் இருந்தவர்கள் புதிய பதிப்பையும் பயன்படுத்தினார்கள். ஹாம்பர்க் நகரில் தயாரித்த கம்பிக் கற்றைகள் தூலூஸ் நகருக்கு வந்தபோது உரிய இடங்களில் பொருந்தவில்லை. கட்டிங் மாஸ்டர் ஓர் அளவுப் பட்டியலை வைத்துக்கொண்டு வெட்ட, டெய்லர் வேறோர் அளவுப் பட்டியலை வைத்துக்கொண்டு தைத்தால் என்ன ஆகும்? அதேதான் ஆயிற்று. ஏறத்தாழ இரண்டாண்டு தாமதம். காத்திருந்த ஃபெடெக்ஸ் கம்பெனி தான் கேட்டிருந்த 10 சரக்கு விமானங்களை 2006 நவம்பரில் ரத்து செய்துவிட்டு, போட்டிக் கம்பெனியான போயிங்கிடம் போயிற்று. அடுத்த ஆண்டு யு.பி.எஸ். கம்பெனியும் கைவிட்டது. ஏ380இன் சரக்கு வகை பிறக்காமலே போயிற்று.

இதுவரை சொன்னவற்றில் பனியன் கோல் சரியாகவே அளக்கிறது. நூல் கோடவுனுக்கு வராமல் தேதி கொடுக்கக் கூடாது. சாம்பிள் ஓகே ஆகாமல் துணியை வெட்டக் கூடாது. எல்லாரும் ஒரே அளவுப் பட்டியலைக் கையில் வைத்திருக்க வேண்டும். அவிநாசிபாளையத்தில் இருபது மிஷின் போட்டுத் தைப்பவருக்குத் தெரிந்த இந்த உண்மைகளை மறந்ததால் உலகப் பெரும் கம்பெனிகள் கோடி கோடியாக இழந்தன.

தேதி தவறாத விமானம்

இனி அந்தக் கோல் பொய்க்கும் இடத்துக்கு வருவோம்.

சொன்ன தேதிக்குச் சற்று முன்னதாகவே வந்து சேர்ந்த விமானம் ஒன்று உண்டு. அதன் பெயர் போயிங் 737 மேக்ஸ். 2016 ஜனவரியில் முதற்பறப்பு. 2017 மே மாதம் முதல் விமானம் வாடிக்கையாளர் கையில். ஷிப்மெண்ட் கணக்கில் பார்த்தால் நூற்றுக்கு நூறு மதிப்பெண்.

இவ்விமானத்தின் எஞ்சின்கள் பழைய 737இன் எஞ்சின்களைவிடப் பெரியவை. அவற்றை இறக்கைக்கு முன்னே சற்று உயரத்தில் பொருத்த வேண்டியிருந்தது. அதனால் சில நிலைகளில் மூக்கு மேலே எழும்பும் போக்கு ஏற்பட்டது. அதைச் சரிக்கட்ட, தானாகவே மூக்கைக் கீழே அழுத்தும் ஒரு கட்டுப்பாட்டு முறையைச் சேர்த்தார்கள். அந்த முறை ஒரே ஓர் உணர்கருவியின் சொல்லை நம்பி இயங்கியது. அக்கருவி பொய் சொன்னால் என்ன செய்வது? விமானிகளின் கையேட்டில் அந்த முறையைப் பற்றிய விளக்கமே இல்லை.

2018 அக்டோபர் 29 அன்று இந்தோனேசியாவில் 189 பேர். 2019 மார்ச் 10 அன்று எத்தியோப்பியாவில் 157 பேர். மொத்தம் 346 உயிர்கள். உலகெங்கும் அவ்விமானங்கள் தரையில் நிறுத்தப்பட்டன. நூற்றுக்கணக்கான ஆர்டர்கள் ரத்தாயின. தேதி மட்டும் தவறவே இல்லை!

பனியனில் தையல் விட்டுப்போனால் செக்கிங்கில் ஒதுக்குவார்கள். அங்கே தப்பினால் பையர் திருப்பி அனுப்புவார். பணம் போகும், மனிதர் போவதில்லை. விமானத்தில் குறை இருந்தால் திருப்பி அனுப்புவதற்குப் பொருளும் இராது, ஆளும் இரார். ஆகவே விமானத் தொழிலில் தேதி முதலாளியாக இருக்கக் கூடாது, சோதனைதான் முதலாளி. சோதனையில் குறை கண்டு தேதியைத் தள்ளிவைத்தவரைக் கேலி செய்யும் சமுதாயம், அடுத்த முறை குறையை மறைக்கும்படி அவரைத் தூண்டுகிறது.

இதை நான் சொல்வது சரஸுக்குச் சாக்குச் சொல்வதற்காக அன்று. சரஸும் உயிர்ப்பலி வாங்கியிருக்கிறது. 2009 மார்ச் 6 அன்று, பறந்துகொண்டிருக்கும்போதே ஓர் எஞ்சினை நிறுத்தி மீண்டும் இயக்கிப் பார்க்கும் சோதனையில், இரண்டாம் மாதிரி பெங்களூரை அடுத்த பிடதி அருகே விழுந்து எரிந்தது. விமானப் படையின் சோதனை விமானிகள் விங் கமாண்டர் பிரவீண் கோட்டேகொப்பா, விங் கமாண்டர் தீபேஷ் ஷா, சோதனைப் பொறியாளர் ஸ்குவாட்ரன் லீடர் இளையராஜா ஆகிய மூவரும் மாண்டனர். எஞ்சினை மறுபடி இயக்குவதற்கு வகுத்துக் கொடுத்த முறையே தவறானது என்று விசாரணையில் தெரிந்தது. பயணிகள் ஒருவர்கூட ஏறாத கட்டத்திலேயே இக்குறை வெளிப்பட்டது என்றால், அதற்கு விலை கொடுத்தவர்கள் அந்த மூவர். அவர்கள் கொடுத்த விலைக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதை என்ன? கண்ட குறையைத் திருத்தி அந்த வேலையை முடிப்பதுதானே?

நாம் அதைச் செய்தோமா? இங்கேதான் எனக்கு வருத்தம்.

பாதியில் நின்ற பாடம்

விபத்துக்குப் பிறகு வேலை தளர்ந்தது. 2013 முடியும்போது பணம் நின்றது, பணியும் நின்றது. சில ஆண்டுகள் கழித்து மறுபடி உயிர் கொடுத்தார்கள். பழைய முதல் மாதிரியையே திருத்தி 2018 ஜனவரி 24 அன்று பறக்கவிட்டார்கள். பின்னர் பதினான்கு இருக்கை போதாது, பத்தொன்பது வேண்டும் என்று திட்டம் மாறியது. மீண்டும் வரைபலகை.

நிறுத்தி நிறுத்தித் தொடங்குவதால் என்ன இழப்பு என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். டி.பி. ரைட் என்ற அமெரிக்கப் பொறியாளர் (பறக்கும் இயந்திரம் கண்ட ரைட் சகோதரர்கள் வேறு) 1936இல் ஓர் உண்மையை வெளியிட்டார். செய்யும் விமானங்களின் மொத்த எண்ணிக்கை இரண்டு மடங்காகும் ஒவ்வொரு தடவையும், ஒரு விமானத்துக்கு ஆகும் உழைப்பு சுமார் 20 விழுக்காடு குறைகிறது என்பதே அது. புது மாடல் பனியன் லைனில் ஏறும்போது முதல் நாள் பீஸ் குறைவாகவும், கை பழகிய பின் கூடுதலாகவும் வருவது உங்கள் வீட்டார் அறிந்ததே.

முதல் விமானத்துக்கு 100 பங்கு உழைப்பு என்று வையுங்கள். இரண்டாவதற்கு 80, நான்காவதற்கு 64, எட்டாவதற்கு 51, பதினாறாவதற்கு 41. அப்படியே போனால் நூற்று இருபத்தெட்டாவதற்கு 21தான். சரஸை வாங்க முன்வந்த விமானப் படை கேட்டது 15 விமானங்கள். பதினைந்தோடு நின்றால் கை பழகும்போதே வேலை முடிந்துவிடும். விலை இறங்கவே இறங்காது. இடையில் நான்கைந்து ஆண்டு நிறுத்தினால் இன்னும் மோசம். பழகிய கைகள் ஓய்வு பெற்றுப் போய்விடும். புதிய கைகள் மறுபடி 100இலிருந்து தொடங்க வேண்டும்.

ஆர்டர் ரத்தாவது என்பது பணம் வராமல் போவது மட்டும் அன்று. கற்றுக்கொள்ளும் வாய்ப்பும் அதோடு ரத்தாகிறது.

ஜப்பானின் மிட்சுபிஷி கம்பெனியைப் பாருங்கள். போயிங் 787க்கு இறக்கை செய்து கொடுத்த திறமைசாலிகள் அவர்கள். 2008இல் சொந்தப் பயணி விமானம் ஒன்றைத் தொடங்கினார்கள். 2013இல் தருவதாகச் சொன்னது 2015 நவம்பரில்தான் முதன்முதலாகப் பறந்தது. பாதுகாப்புச் சான்றுக்காக மின்னணுக் கருவிகளின் இடத்தையும் கம்பிகளின் பாதையையும் மாற்ற வேண்டியதாயிற்று. காத்திருந்தவர்கள் விலகினார்கள், அமெரிக்க நிறுவனம் ஒன்று 2019இல் 100 விமானங்களுக்கான ஏற்பாட்டைக் கைவிட்டது. 2023 பிப்ரவரியில் திட்டமே மூடப்பட்டது. இறக்கை செய்யத் தெரிவது வேறு, முழு விமானத்துக்குச் சான்று பெறத் தெரிவது வேறு. இரண்டாவது வித்தையை ஏட்டில் படித்து அறிய முடியாது; ஒரு விமானத்தைக் கடைசிவரை கொண்டு சேர்த்தால்தான் வரும்.

வாங்கிக்கொள்ளலாமே என்பவர்களுக்கு

“இவ்வளவு தொல்லை எதற்கு? வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொள்ளலாமே” என்று சிலர் சொல்வார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. இன்று நம் சிறு நகரங்களுக்குப் பறப்பவற்றில் பெரும்பாலானவை தூலூஸ் நகரில் ஒன்றுசேர்க்கப்படும் ஏ.டி.ஆர். விமானங்கள். 2018இல் சேலத்துக்குச் சென்னையிலிருந்து உடான் திட்டத்தில் வந்ததும் ஏ.டி.ஆர்.தான். அவை நல்ல விமானங்கள்.

ஆனால் எழுபது பேர் அமரும் விமானத்துக்கு எல்லா ஊரிலும் எழுபது பேர் கிடைப்பதில்லை. பத்தொன்பது பேர் விமானத்துக்குத் தேவை இருக்கிறது. கான்பூரில் செய்த டோர்னியர் விமானம் ஒன்று 2022 ஏப்ரலில் அசாமின் திப்ருகரிலிருந்து அருணாசலத்தின் பாசிகாட்டுக்குப் பயணிகளை ஏற்றிச் சென்றது. நாட்டில் செய்த விமானத்தில் பயணிகள் சேவை நடத்த முடியும் என்பதற்கு அது சான்று. ஆயினும் டோர்னியரின் வடிவம் ஜெர்மனியில் பிறந்தது. அதற்கும் முன்பு, 1961 நவம்பர் 1 அன்று கான்பூரில் கட்டிப் பறக்கவிட்ட ஆவ்ரோ விமானத்தின் வடிவம் இங்கிலாந்துடையது. ஹிந்துஸ்தான் கம்பெனி மொத்தம் 89 ஆவ்ரோக்களைக் கட்டியது. அறுபது ஆண்டுகளாக நாம் பிறர் அளவுப் பட்டியலுக்கு நன்றாகத் தைத்து வருகிறோம். நம் அளவுப் பட்டியலை நாமே எழுதுவது எப்போது?

திருப்பூரும் இதே கேள்வியைத் தன்னைக் கேட்டுக்கொள்ளும் ஊர் அல்லவா? வெளிநாட்டுப் பையரின் பெயர் போட்ட லேபிளைத் தைத்துக் கொடுப்பதில் கூலி கிடைக்கிறது. லேபிளுக்கு உரியவருக்கு லாபம் கிடைக்கிறது.

நான் கேட்பவை மூன்று

ஒன்று: தேதியைச் சோதனைச் சாலை சொல்லட்டும், விழா மேடை சொல்ல வேண்டாம். எடை கூடியது தெரிந்த அன்றே எல்லாருக்கும் சொல்ல வேண்டும். பத்து நாள் ஆகும் என்று முன்கூட்டியே போன் செய்து சொல்லும் கம்பெனியைப் பையர் மன்னிக்கிறார். கடைசி நாளில் கையை விரிப்பவரைத்தான் அவர் மன்னிப்பதில்லை.

இரண்டு: தொடங்கியதை நிறுத்தக் கூடாது. நிறுத்தத்தான் வேண்டும் என்றால், தெளிவான காரணம் சொல்லி, கற்றதை எல்லாம் எழுதி வைத்துவிட்டு நிறுத்த வேண்டும். பணம் நின்றதால் பணி நின்றது என்பது காரணம் ஆகாது.

மூன்று: வாங்குபவர் உறுதியோடு வாங்க வேண்டும். விமானப் படையும் கடலோரக் காவல் படையும் சிறு நகர விமானச் சேவைகளும் சேர்ந்து, சான்று கிடைத்ததும் இத்தனை விமானங்கள் வாங்குவோம் என்று இன்றே எழுதிக் கொடுக்க வேண்டும். பதினைந்தில் கை பழகாது; நூறில் பழகும்.

மாணவ நண்பர்களே, தாமதம் என்ற சொல்லைச் செய்தித்தாளில் காணும்போது சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்ப வேண்டாம். ‘எதனால்?’ என்று கேளுங்கள். குறையைக் கண்டு திருத்துவதால் தாமதமா, குறையை மறைத்ததால் தாமதமா, பணத்தை நிறுத்தியதால் தாமதமா? முதல் வகைக்குப் பொறுமை காட்டுங்கள். மற்ற இரண்டுக்கும் பதில் கேளுங்கள். அந்தப் பதிலைக் கேட்க இயற்பியலும் கணக்கும் கொஞ்சம் வேண்டும். இரண்டும் உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கின்றன. 5,118இலிருந்து 4,125ஐக் கழிக்கத் தெரிந்தவருக்குச் சரஸின் முதல் சிக்கல் புரிந்துவிடுகிறது.

அவிநாசிபாளையம் சந்திப்பில் இன்று மாலையும் ஒரு லாரி தேதியைத் துரத்திக்கொண்டு போகும். அதன் பெட்டிகளைக் கட்டிய கைகளின் பிள்ளைகள் சிலர் நாளை பெங்களூரில் ஒரு வரைபலகையின் முன் அமரக்கூடும். அப்போது அவர்கள் வீட்டில் கற்ற நேர ஒழுங்கும் வேண்டும். தராசு வேறு எண் காட்டும்போது “இன்னும் ஆகவில்லை” என்று சொல்லும் துணிவும் வேண்டும்.